ஒண்ணேகால் வேலி பேட்டரி

தஞ்சாவூரில் எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவனிடம் யாரும் சௌக்கியமா என்று விசாரிப்பதில்லை. "பேட்டரி போனா எவ்வளவு ஆகும்?" என்றுதான் பேச்சை எடுப்பார்கள். கல்யாண மண்டப வாசலில் கையில் சந்தனம் பூசிக்கொண்டே கேட்பார்கள். கீழவாசலில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கையில் கேட்பார்கள். ஒரு பிரதோஷத்தன்று பெரிய கோயில் நந்திக்குப் பாலாபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை என் தோளைத் தட்டி, "சார், அந்தக் கரண்டு கார் உங்களுதுதானே?" என்றது. நான் திரும்புவதற்குள் அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. கேட்கிற யாருக்கும் அப்படி ஒரு கார் வாங்கும் உத்தேசம் கிடையாது. அடுத்தவனுக்குப் பெரிய செலவு ஒன்று காத்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் டெல்டாக்காரனுக்கு அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம்.

நானும் நெடுநாள் "அதெல்லாம் இப்போதைக்குப் போகாதுங்க" என்று சமாளித்து வந்தேன். இப்போது என் கையில் தொகை இருக்கிறது. ஐந்து லட்சம். சொன்னவுடன் கேட்டவர் முகத்தில் ஒரு நிறைவு பரவும் பாருங்கள், மொய் எழுதாமலே விருந்து சாப்பிட்டு வந்தவர் முகத்தில்கூட அதைப் பார்க்க முடியாது.

கார் பெங்களூரில் ஒரு மென்பொருள்காரரிடமிருந்து இரண்டாம் கையாக வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் அந்த மாடலையே கைகழுவிவிட்டார்கள். நாலு பேர் உட்காரலாம், நாலாவது ஆள் எதற்கும் கோபித்துக்கொள்ளாத சுபாவமாக இருந்தால். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டு, டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதையும் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கரண்டில் ஓடுகிற கார் வாங்குகிற மனிதனைப் பற்றி என் மனைவிக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை அச்சில் ஏற்ற முடியாது.

ஆனால் நியாயமாகப் பார்த்தால், எலக்ட்ரிக் காருக்கு எங்கள் சீமையைப் போல ஏற்ற பூமி வேறு கிடையாது. தஞ்சாவூரில் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம். அதை விட்டால் வாய்க்கால் பாலம். மற்றபடி கடல் வரைக்கும் சமதளம். இந்தியாவின் முதல் எலக்ட்ரிக் கார் என்று சொல்லப்படுகிற லவ்பேர்டு 1993-இல் வந்தது. எடி எலக்ட்ரிக் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவாவோடு கூட்டு சேர்ந்து, சாலக்குடியிலும் நம்முடைய கோயம்புத்தூரிலும் செய்த வண்டி. இரண்டு பேர் போகலாம். செங்குத்தான ஏற்றம் மட்டும் அதற்கு ஆகாது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் இன்னொரு பக்கமும் அதே மலையுமாக இருக்கிற இரண்டு ஊர்களில் அதைப் பெற்று வளர்த்தால் எப்படி உருப்படும்? தஞ்சாவூருக்குத் தத்துக் கொடுத்திருந்தால் இன்றைக்கும் கரந்தைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு 2001-இல் பெங்களூரில் சேத்தன் மைனி கொண்டுவந்த ரேவா. அதில் ஆறு வோல்ட் ஈய பேட்டரிகள் எட்டு இருந்தன. லண்டனில் அதை ஜி-விஸ் என்ற பெயரில் விற்றார்கள். கேலியும் செய்தார்கள், வாங்கவும் செய்தார்கள். 2010-இல் கம்பெனியின் பெரும்பங்கு மஹிந்திரா கைக்குப் போனது. ரேவாவை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் அந்த ஈய பேட்டரிதான். அது எங்கள் ஜனங்களுக்குப் புரிகிற பாஷை. 2012 வாக்கில் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்டு இருக்காது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்து கூடத்தில் உட்கார்ந்தது அப்போதுதான். அன்று முதல் பேட்டரி என்றால் எங்களுக்குக் கறுப்பாக, கனமாக, மூலையில், மேலே துணி போர்த்தி, அதற்கும் மேலே பழைய பேப்பர் அடுக்கி வைத்த அந்தப் பெட்டிதான். அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். நாலைந்து வருஷத்தில் படுத்துவிடும். பழசைத் தூக்கிக் கொடுத்தால் ஈயத்தை எடை போட்டுக் கழித்துக்கொண்டு புதுசு தருவார்கள். கடைக்காரர் தெரிந்தவர் என்றால் மேலும் ஐந்நூறு குறைப்பார்.

என் கார் பேட்டரி தளர ஆரம்பித்ததும், இந்த ஞானத்தோடுதான் தெருவே எனக்கு ஆலோசனை சொன்னது. "டிஸ்டில்ட் வாட்டர் பார்த்தீங்களா?" என்றார் எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஐயா, இது லித்தியம், தண்ணீர் பட்டால் ஆபத்து என்றேன். "அப்ப தண்ணி இல்லாமத்தான் போயிருக்கு" என்று முடித்துவிட்டார். பேட்டரிக் கடை அண்ணன் வந்து காருக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அகலமாக, தட்டையாக, முழுக்க மூடி சீல் வைத்த ஓர் உலோகப் பெட்டி. தட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார் என்று நினைக்கிறேன். "இதுல எக்ஸ்சேஞ்ச் கிடையாது சார்" என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போனார். அதுவரை நல்ல நண்பராக இருந்தவர்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு அஸ்திவாரம் போட்ட மூன்று பேருக்கு 2019-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அவர்களில் ஜான் குட்இனஃப் என்பவருக்கு அப்போது வயது 97. நோபல் வாங்கியவர்களிலேயே மூத்தவர் அவர்தான். அந்த வயதிலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. அவர் வழி வந்த சரக்கு என் கொட்டகையில் பத்து வயது ஆவதற்குள் மூச்சு வாங்குகிறது.

இதில் எனக்கே பிடிபடாத ஒன்று இருந்தது. ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் காலையில் நூறு சதம் என்று பச்சையாகக் காட்டும். ஆனால் அந்த நூறு சதம் வரவர முப்பது சொச்சம் கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். நூறு என்றால் நூறுதானே? இதை எனக்கு விளக்கியவர் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற என் சித்தப்பா. அவர் லித்தியத்தைக் கண்டதில்லை. ஆனால் காலையில் பேப்பர் வந்தால் காலமானார் விளம்பரத்துக்கும் முன்னால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிற தலைமுறை.

"மேட்டூர் 120 அடின்னு போடுவான். ரொம்பிடுச்சும்பான். 93.47 டி.எம்.சி.ன்னு கணக்குச் சொல்வான். அந்தக் கணக்கு 1934-ல கட்டினப்ப போட்டது. அடியில வண்டல் எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பேப்பர்ல போடுறானா? அடிக் கணக்குல 120 வந்துரும்டா. தண்ணி வராது."

இதை விடத் தெளிவாக எந்த இன்ஜினியரும் எனக்குச் சொன்னதில்லை. காரின் மீட்டர் காட்டுவது அடிக்கணக்கு. கொள்ளளவு என்பது வேறு. ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறும்போதும், கிராஃபைட் பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் துளித் துளியாகக் கனத்துக்கொண்டே போகும். போய்வர வேண்டிய லித்தியத்தில் கொஞ்சம் அந்தப் படலத்தில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது திரும்பாது. வெயில் இதைத் துரிதப்படுத்தும். முழுச் சார்ஜோடு வெயிலில் நிறுத்தினால் இன்னும் துரிதம். அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூரில் காரை வேறு எங்கே நிறுத்துவது? நிழல் இருக்கிற இடத்திலெல்லாம் ஏற்கெனவே ஒரு இளநீர் வண்டி நிற்கிறது.

"அப்ப தூர் வாரிட வேண்டியதுதானே?" என்றார் சித்தப்பா.

"முடியாது சித்தப்பா."

"மேட்டூரையே 2017-ல குடிமராமத்துன்னு சொல்லி வண்டல் அள்ள விட்டாங்கடா. அதை விடப் பெரிசா உன் பேட்டரி?"

கொள்ளளவு குறைந்ததை நான் கிலோமீட்டரில் அளக்கவில்லை. உறவுகளில் அளந்தேன். கம்பெனி தாளில் எழுதியிருந்த தூரம் ஒன்று, பெங்களூர்க்காரர் சொன்னது 110, வண்டி தந்தது 90. தொண்ணூறு இருந்தவரைக்கும் எனக்குக் குறையில்லை. கும்பகோணம் 40 கிலோமீட்டர். மாமனார் வீட்டுக்குப் போய், டிகிரி காபி குடித்து, அவரோடு அரசியலில் உடன்பட்டுவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். எழுபது ஆனபோது, போனால் அங்கே சார்ஜ் போட்டுத்தான் திரும்ப முடியும் என்றாயிற்று. ஐம்பது ஆனபோது ஏசியை நிறுத்திவிட்டுத்தான் கும்பகோணம். ஏசி இல்லாத காருக்கும் மொஃபசல் பஸ்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவி கேட்டாள். பஸ்ஸில் பாட்டாவது போடுவார்கள் என்று அவளே பதிலும் சொன்னாள். நாற்பதுக்கு இறங்கியதும் கும்பகோணம் எங்கள் ராஜ்யத்தை விட்டுப் போனது. பிறகு பாபநாசம், ஒருவழிப் பயணமாக மட்டும். இப்போது திருவையாறு ஒன்றுதான் போய்வரத் தோதான ஊர். அதனால் என் பக்தியும் சங்கீத ஞானமும் பெருகியிருப்பதாக ஊரில் நினைக்கிறார்கள். ஜனவரியில் ஆராதனைக்குப் போகிறேன், ஐயாறப்பரைச் சேவிக்கிறேன், அசோகா வாங்கி வருகிறேன். பேட்டரி இன்னும் இறங்கினால் கண்டியூரோடு திரும்பி, பிரம்மசிரகண்டீசுவரரிடம் சரணடைய வேண்டியதுதான்.

குறுவை அறுப்பு சமயத்தில் இன்னொரு சிக்கல். கிராமத்துச் சாலையில் பாதிக்கு நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள் என்பதால் ரோடுதான் களம். மற்ற வண்டிகள் ஹாரன் அடித்தால் நெல் கிண்டுகிறவர்கள் ஒதுங்குவார்கள். என் கார் பூனை மாதிரி வந்து நிற்பதால் திட்டு விழும். சுற்றுவழியில் போகலாம் என்றால் சுற்றுவழிக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதல். அந்த இரண்டு கிலோமீட்டருக்கு எங்கே போக? எனவே நின்று, இறங்கி, நானே காலால் நெல்லைத் தள்ளி வழி செய்துகொண்டு போயிருக்கிறேன். ஒரு பாட்டி என்னைக் கூலிக்கு வந்தவன் என்று நினைத்து, அந்த ஓரத்தையும் சேர்த்துத் தள்ளச் சொன்னார். தள்ளினேன்.

உறவினர் வீட்டுக்குப் போய்ச் சார்ஜ் போடுவது ஒரு தனிக் கலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பதினைந்து ஆம்பியர் பிளக் எங்கே என்று கண் தேடும். பெரும்பாலும் அது சமையலறையில் கிரைண்டருக்குப் பின்னால் இருக்கும், அல்லது மோட்டாருக்குப் போயிருக்கும். "வாங்க, வாங்க" என்பதற்கும் "காபி சாப்பிடுறீங்களா" என்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு நிமிஷத்தில், சங்கோசப்படாமல், "ஒரு ஒயர் மாட்டிக்கலாமா?" என்று கேட்டுவிட வேண்டும். காபி வந்த பிறகு கேட்டால் காபிக்கு வந்தவன் கரண்டும் கேட்கிறான் என்றாகும்.

இதில் நான் உறவினர்களைக் குறை சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் நூறு யூனிட் இலவசம். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் சலுகையில் ஒன்று கைவிட்டுப் போகும், மேல் யூனிட்டுகளுக்கு விலையும் ஏறும். ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் ஐந்நூறுக்குக் காவலாக ஒருவர் இருப்பார். கும்பகோணத்தில் அது என் மாமனார். நான் ஒயரை மாட்டியதும் அவர் எழுந்து, ஏதோ செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர் போல வாசலுக்குப் போவார். போய் மீட்டரைப் பார்ப்பார். திரும்பி வந்து, "ஓடுது" என்று பொதுவாகச் சொல்வார். எட்டு யூனிட் ஏறும். ஒரு முறை நான் கிளம்பும்போது மாமியார் ஒரு பையில் முருங்கைக்காய், வாழைக்காய், வடகம் எல்லாம் போட்டுக் கொடுத்தார். மாமனார் பையைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய முறைகளில் மின்சாரம் எந்தத் தலைப்பில் வரும் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது என் ஊகம்.

கடைசியில் ஒருநாள் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். அந்த மாடலுக்குப் பேட்டரி கைவசம் இல்லை, சொல்லி வரவழைக்க வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம், தொகை வரி உட்பட ஐந்து லட்சம். "புக் பண்ணிடவா சார்?" என்று, சிலிண்டர் பதிவு செய்கிற குரலில் கேட்டார்.

இன்ஷூரன்ஸ் தாளில் என் காரின் மதிப்பு ஒன்றரை லட்சம். அதாவது, என்னிடம் இருப்பது ஒன்றரை லட்ச ரூபாய் கார். அதற்குள் வைக்க வேண்டியது ஐந்து லட்ச ரூபாய்ப் பொருள். திருட்டுப் போனால் லாபம் என்று கணக்கு சொல்கிறது. சாவியை வண்டியிலேயே விட்டுப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எடுத்துப் போகிறவன் பள்ளியக்ரகாரம் தாண்டமாட்டான். அங்கிருந்து திரும்பி நடந்து வந்து நம்மிடமே சார்ஜர் கேட்பான்.

நகைக் கடன் வாங்கலாம் என்று ஒரு யோசனை. விவசாய நகைக் கடன் என்றால் வட்டி குறைவு. பேட்டரி விவசாயத்தில் சேருமா என்று வங்கியில் கேட்க எனக்கு நா எழவில்லை. அதற்கு முன் நகைக்காரியிடம் கேட்க வேண்டும் என்பது இன்னொரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு நான் போகவே இல்லை.

ஐந்து லட்சம் என்றதும் சித்தப்பா கண்ணை மூடினார். மூடினால் கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். சாதா ரக நெல்லுக்கு 2025-26 பருவத்தில் அரசாங்கம் கொடுத்தது, மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500. ஐந்து லட்சத்துக்கு 200 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் சிப்பம் நாற்பது கிலோ; அப்படியானால் 500 சிப்பம். நன்றாக விளைந்து, எலி விட்டு, மழை விட்டு, ஏக்கருக்கு அறுபது சிப்பம் கண்டால் எட்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே.

"ஒண்ணேகால் வேலி" என்று கண்ணைத் திறந்தார். "ஒரு போகம். செலவு கழிக்காம."

பக்கத்தில் நின்ற ஆள்காரர் "யம்மாடி" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாற்றங்கால் விட்டு, நட்டு, களை பறித்து, உரம் போட்டு, தண்ணீர் வருமா வராதா என்று ஜூன் 12-ஆம் தேதியிலிருந்து மேட்டூரையே பார்த்துக்கொண்டிருந்து, அறுத்து, காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் ராத்திரி நெல்லோடு படுத்திருந்து, அத்தனையும் எதற்கென்றால் நான் திருவையாறு தாண்டிப் போவதற்கு.

இந்த ஐந்து லட்சத்தில் வரி மட்டும் எழுபத்தாறாயிரம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எலக்ட்ரிக் கார் புதிதாக வாங்கினால் ஜி.எஸ்.டி. ஐந்து சதம், 2019 ஆகஸ்ட் முதல் அப்படித்தான், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதற்காக. அதே லித்தியம் பேட்டரி காரோடு வராமல் தனியாக வந்தால் பதினெட்டு சதம். காரோடு பிறந்த பேட்டரி சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிறது, பிற்பாடு வந்து சேர்ந்த பேட்டரி காப்பாற்றுவதில்லை என்று ஏதோ ஆய்வு செய்திருப்பார்கள் போலிருக்கிறது. எழுபத்தாறு சிப்பம் நெல். முப்பத்தெட்டு தில்லிக்கு, முப்பத்தெட்டு சென்னைக்கு.

இத்தனைக்கும் உலகத்தில் பேட்டரி விலை சரிந்துகொண்டே வருகிறது. புளூம்பெர்க் நிறுவனத்தின் எரிசக்திப் பிரிவு வருஷாவருஷம் கணக்கு எடுக்கிறது. 2010-இல் ஒரு கிலோவாட்-அவர் பேட்டரி ஆயிரம் டாலருக்கு மேலே. 2024-இல் 115 டாலர். என் காரில் இருப்பது 15 கிலோவாட்-அவர், நம் பாஷையில் பதினைந்து யூனிட் கொள்ளும் டப்பா. அந்தச் சராசரி விலையில் போட்டால் ஒன்றரை லட்சம் வாக்கில் முடிந்திருக்க வேண்டும். மீதி மூன்றரை லட்சம் எதற்கு? அந்த 115 டாலர், லட்சக்கணக்கில் ஒரே அளவில் வார்த்து, தொழிற்சாலை வாசலில் எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு. என் காருக்குரிய அளவும் வளைவும் கொண்ட பெட்டியை இப்போது யாரும் வார்ப்பதில்லை. அதற்கான மூளைப் பலகை, இணைப்புகள், போல்ட்டுத் துளைகள் எல்லாம் பழைய அச்சு. ஒருவனுக்காக அச்சை எடுத்து ஓட்ட வேண்டும், லாரியில் தனியாக ஆபத்துப் பொருளாக ஏற்றி அனுப்ப வேண்டும். தலைதீபாவளிக்கு ஒரே ஒரு புடவை நெய்யச் சொன்னால் திருபுவனத்தில் என்ன விலை சொல்வார்களோ அதைத்தான் இவர்களும் சொல்கிறார்கள்.

பேட்டரி விலை கார் விலையோடு மல்லுக்கு நிற்பது இன்று நேற்றுக் கதையும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்றொரு கார் ஓடியது. பெட்ரோல் கார் ராஜா ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே அதைத்தான் ஓட்டினார். கணவர் தொழிலைப் பற்றி அந்த அம்மாளுக்கு இருந்த மதிப்பு அது. 1911-இலிருந்து அந்தக் காருக்கு எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி வேண்டுமென்றால் 600 டாலர் கூடுதல். பின்னாளில் ஃபோர்டின் மாடல் டி முழுக் காரே 300 டாலருக்குக் கீழே இறங்கியது. அதாவது ஒரு பேட்டரிக்கு இரண்டு கார். வீட்டுக்காரர் விற்ற காரை இரண்டாக வாங்கி நிறுத்தும் காசு.

இலங்கையில் என் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு இதே நோவு. அங்கே 2014, 2015 வாக்கில் பழைய நிசான் லீஃப் கார்கள் ஏராளமாய் வந்து இறங்கின. லீஃபில் பேட்டரியின் ஆயுசைக் காட்டப் பன்னிரண்டு கோடுகள் உண்டு. வயது ஏற ஏற ஒவ்வொன்றாக மறையும். அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலிலேயே 2012-இல் கோடுகள் உதிர்ந்து பெரிய ரகளை ஆனது. "எங்கட பக்கம் வாகனம் வாங்கேக்க வருசம் கேக்கிறதில்ல, எத்தினை கோடு எண்டுதான் கேப்பினம்" என்று நண்பர் சொன்னார். அவருடையது ஏழு கோடு. எத்தனை கோடு வரை மரியாதை என்று கேட்டேன். எட்டு என்றார்.

பின்லாந்தில் ஒருவர் இந்தப் பிரச்சினைக்கு வேறு வழி கண்டார். 2013-ஆம் வருஷத்து டெஸ்லா கார். பேட்டரி மாற்ற இருபதாயிரம் யூரோவுக்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். 2021 டிசம்பரில், பனி மூடிய ஒரு பழைய கல்குவாரியில் காரை நிறுத்தி, முப்பது கிலோ டைனமைட் கட்டி, உள்ளே ஈலான் மஸ்க் மாதிரி ஒரு பொம்மையையும் உட்கார வைத்து வெடித்தார். அதைப் படம் பிடித்தார்கள், உலகமே பார்த்தது. நான் இந்தக் காணொளியை வீட்டில் காட்டியபோது என் மகன் முகத்தில் முதன்முறையாக எங்கள் காரின் மேல் ஒரு பிரியம் தெரிந்தது. தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டான்.

சித்தப்பாவோ எதையும் வெடிக்கவும் வீசவும் விடமாட்டார். அவர் வீட்டில் 1970-களின் ரேடியோப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இப்போது ஊறுகாய் ஜாடி. காருக்கு ஆகாவிட்டால் பேட்டரியைக் கழற்றிப் பம்பு செட்டுக்கு வைப்போம் என்றார். யோசனை மோசமில்லை. எழுபது சதத்துக்குக் கீழே போன பேட்டரி காருக்குத்தான் கிழவன், வீட்டில் வைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆம்ஸ்டர்டாமில் யோஹான் கிரைஃப் கால்பந்து அரங்கத்தில் 2018-இல், பழையதும் புதியதுமாக, 148 லீஃப் கார்களுக்கு ஈடான பேட்டரிகளை அடுக்கி மின்சாரம் சேமிக்கிறார்கள். ஆனால் எங்கள் பம்பு செட்டுக்குக் கரண்டு இலவசம். இலவசமாக வருகிறதை எதற்குச் சேமிப்பது என்று ஆள்காரர் கேட்டார். சித்தப்பா கொஞ்சம் யோசித்து, "வராதப்ப?" என்றார். "வராதப்ப டீசல் இன்ஜின் இருக்குல்ல" என்றார் அவர். ஆம்ஸ்டர்டாமில் இப்படி ஒரு ஆள்காரர் இல்லாததால்தான் அந்தத் திட்டம் நிறைவேறியது.

முடிவில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். லேப்டாப், ரப்பர் கையுறை, தூக்குச் சட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம். முதலில் மின்தொடர்பைத் துண்டிக்கும் பிளக்கைக் கழற்றித் தன் பையில் போட்டுப் பூட்டினான். "இனி யாரும் கிட்ட வரக்கூடாதுங்க" என்றான். தெரு முழுவதும் கிட்ட வந்தது. தலைமையாசிரியர் ஒரு கேனில் டிஸ்டில்ட் வாட்டரோடு வந்து நின்றார், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று.

சோதித்துவிட்டுப் பையன் சொன்னான்: செல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. அதில் ஒன்று தீர்ந்தவுடன், மற்றவற்றில் மிச்சம் இருந்தாலும், மூளைப் பலகை மொத்தத்தையும் நிறுத்திவிடும். "உங்க பேட்டரி மொத்தமாக் கெட்டுப்போகலீங்க. ரெண்டு மாட்யூல்தான் படுத்திருக்கு. அதுகளால மத்தது வேலை செய்ய முடியல." விபத்தில் நொறுங்கிய இதே மாடல் கார் ஒன்றின் மாட்யூல்கள் அவனிடம் இருந்தன. புதுசுக்கு ஈடாகாது, ஒரேயடியாகப் பழைய தூரமும் வராது, இரண்டு வருஷமோ மூன்றோ தள்ளலாம் என்று மறைக்காமல் சொன்னான். அறுபதாயிரம்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் அவர் கண்ணை மூடியது கேட்டது.

"மூணு மா" என்றார். "ஒரு ஏக்கர், அறுபது சிப்பம். இது நியாயம். நான் அன்னைக்கே சொன்னேன் பாரு, தூர் வாரலாம்னு."

வேலை முடிய ராத்திரி ஆனது. மறுநாள் ஏசி போட்டுக்கொண்டு திருவையாறு போய், ஐயாறப்பரிடம் நில்லாமல், அதையும் தாண்டிப் போய் வந்தேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ஓடியது. கும்பகோணம் மீண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது, திரும்பி வருவதற்கு மட்டும் அங்கே கொஞ்சம் சார்ஜ் போட்டால் போதும். என் மனைவி சந்தோஷமாக அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள். மாமியார் வாழைப்பூ வடை செய்து வைப்பதாகச் சொன்னார். பின்னால் மாமனார் இருமுவது கேட்டது. போனை வாங்கினார்.

"மாப்ளே, கார் சரியாயிடுச்சாமே, ரொம்ப சந்தோஷம். ஞாயித்துக்கிழமை வாங்க. இல்ல வேண்டாம், செவ்வாய்க்கிழமை வாங்க. திங்கக்கிழமை ரீடிங் எடுக்க வர்றான்."